வாயைத் திறந்து தும்ம வேண்டும்

கல்யாணமான நாளிலிருந்து நான் இடப்பக்கம் ஒருக்களித்தே தூங்கி வந்திருக்கிறேன். இடது காதுதான் நல்ல காது. அது தலையணையில் புதைந்துவிட்டால் மேலே இருக்கும் வலது காது பாதிச் சத்தத்தைத்தான் உள்ளே விடும். ஆடி மாதத்தில் எங்கள் பெரம்பூர்த் தெருவின் இரண்டு முனைகளிலும் உள்ள அம்மன் கோவில்காரர்கள் போட்டி போட்டு ஒலிபெருக்கி கட்டும்போது வீட்டில் மற்றவர்கள் புரண்டுகொண்டிருப்பார்கள். எனக்கு மட்டும் அந்தப் பாட்டு அடுத்த ஊரில் ஓடுவது போலிருக்கும். "நீ கொடுத்து வைத்தவள்" என்பார் என் கணவர்.

அந்த வலது காதின் செவிப்பறையில் இருந்த ஓட்டையை ஏப்ரல் கடைசி வாரத்தில் அறுவை சிகிச்சை செய்து சரிசெய்துகொண்டேன். 46 வயதில் எதற்கு இது என்று என் மாமியார் உட்படப் பலர் கேட்டார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலையணை உறையில் மஞ்சள் கறையோடு எழுந்திருப்பவளுக்குத்தான் அந்தப் பதில் தெரியும்.

ஏழு வயதில், வியாசர்பாடியில் இருந்தபோது, சளி பிடித்து இரவெல்லாம் காதுவலியில் கத்தியிருக்கிறேன். அம்மா பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் விட்டாள். விடியற்காலையில் சீழ் வடிந்தது, வலி நின்றது. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் அம்மா சொன்னாள். பிற்பாடு அந்தக் காது மந்தம் என்று தெரிந்ததும் அதே எண்ணெயால்தான் கெட்டது என்று தன்னையே குற்றம் சொல்ல ஆரம்பித்தாள். கெல்லீஸ் பக்கத்தில் இருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நான் போனபோது, 74 வயதில் முட்டிவலியோடு ஆட்டோ ஏறி அவளும் வந்தது இதைக் கேட்கத்தான்.

"நான்தான் கெடுத்தேனா, டாக்டர்?"

"எண்ணெய் ஓட்டை போடாது அம்மா. சளி மூக்குக்குப் பின்னாலிருந்து குழாய் வழியாக நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடித்து, உள்ளிருந்து வெளியே உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அழுத்தம் குறைந்ததால் வலி நின்றது. ஆனால் ஓட்டை விழுந்த காதில் அதற்குப் பிறகு எண்ணெயும் தண்ணீரும் விட்டதுதான்..."

அம்மா முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள். மீதி அவளுக்குக் காதில் விழவில்லை. விழுந்ததோ என்னவோ, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் எண்ணெய் ஓட்டை போடாது என்று விளக்கிக்கொண்டு வந்தாள்.

மருத்துவர் கேமரா வைத்துத் திரையில் காட்டினார். செவிப்பறை ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காதாம், தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. என்னுடையதில் நடுவே அவரை விதை வடிவத்தில் ஓர் ஓட்டை. பிறகு இசைக்கவை என்ற இரண்டு கால் உலோகக் கருவியைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். எந்தக் காதில் கேட்கிறது என்றார். கெட்ட காதில்தான் பலமாகக் கேட்டது! இத்தனை வருடம் எனக்கு எதுவும் தராத காது, எலும்பு வழியாக வந்த ஒலியை முழுவதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நரம்பு நன்றாக இருக்கிறது, வாசல்தான் பழுது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். நான் பள்ளியில் கணக்கு நடத்துபவள் என்று தெரிந்ததும் ஒரு கணக்கும் சொன்னார். செவிப்பறையின் பரப்பு, உள்காதின் வாசலில் உட்கார்ந்திருக்கும் அங்கவடி எலும்பின் அடித்தட்டைப் போல ஏறக்குறைய 17 மடங்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள சுத்தி, பட்டடை எலும்புகளின் நெம்புகோல் 1.3 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 22. அத்தனை மடங்கு அழுத்தமாக ஒலி உள்ளே போக வேண்டும், பறையில் ஓட்டை இருந்தால் அந்தப் பெருக்கல் நடக்காது. ஒரு மருத்துவர் என்னை இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்க வைத்தது இதுதான் முதல் முறை.

ஓட்டையை மூட ஒட்டுவதற்கான துண்டு வெளியிலிருந்து வருவதில்லை. காதுக்கு மேலே, மெல்லும்போது அசைகிற தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்தே வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒட்டு பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். காப்பீட்டுக்காரர்களோடு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும்.

சிகிச்சைக்கு முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, ரத்தம் கசிவதை நிறுத்த மின்சாரத்தால் சுடுவார்கள் என்று செவிலியர் சொன்னார். தாலிச் சங்கிலிக்குப் பதில் மாமியார் மஞ்சள் கயிறு கொண்டுவந்திருந்தார். தோடு கழன்றுவிட்டது. மூக்குத்தித் திருகு மட்டும் அசைவேனா என்றது. சோப்பு, தேங்காய் எண்ணெய், மறுபடி சோப்பு என்று முக்கால் மணி நேரம். அழுதது அப்போதுதான், கத்தி வைத்தபோது அல்ல.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. காதைச் சுற்றி நாலைந்து ஊசி, கொஞ்சம் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிப் பச்சைத் துணியால் மூடியபின் எனக்கு வேலை கேட்பது மட்டுமே. தேங்காயைக் காதுக்கு அடியில் வைத்துத் துருவுவது போல ஒன்று. ரத்தத்தை உறிஞ்சும் குழாய் காதுக்குள் நுழைந்ததும் பெரம்பூர் நடைமேடையில் நிற்காத விரைவு ரயில் ஒன்று கடந்து போனது. அறை ஒருமுறை சுழன்று நின்றது. நேரம் எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை. திடீரென்று எல்லாம் அமைதியாகி, மிகத் தாழ்ந்த குரலில் யாரோ கேட்டார்கள்:

"டீச்சர், பதினேழு எட்டு எவ்வளவு?"

"நூற்று முப்பத்தாறு" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உறைத்தது. அடுத்த நிமிடமே ஒட்டு நகராமலிருக்கத் தானாகக் கரையும் பஞ்சு போன்ற ஒன்றை உள்ளே அடைத்து, மேலே மருந்துத் துணி திணித்து, தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டுவிட்டார்கள். வந்த காது அத்தோடு போய்விட்டது. மறுபடி பார்க்க ஆறு வாரம்.

வலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மறுநாள் கட்டுப் பிரித்தார்கள், ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். யாரும் என்னிடம் முன்பே சொல்லாத விஷயங்கள்தான் படுத்தின. வாயை ஒரு விரலளவுக்கு மேல் திறந்தால் பொட்டில் சுருக்கென்றது. அடைத்த காதில் நாம் மெல்லுவதே இடியாகக் கேட்கிறது. அப்பளத்தைப் பத்து நாள் கண்ணால்தான் பார்த்தேன். காது மடல் மரத்துப்போய் யாருடையதோ போல ஒட்டிக்கொண்டிருந்தது, இன்றைக்கும் மேல்நுனியில் உணர்ச்சி முழுதாக வரவில்லை. கண்ணாடியின் கம்பி தையலில் உரசியதால் பழைய கண்ணாடி ஒன்றின் வலது கம்பியை உடைத்து, ஒற்றைக் கம்பியோடு மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

காபி வேறு கதை. மூன்றாம் நாள் முதல் வாயில், நாக்கின் வலது பாதியில் மட்டும், ஈயத் தட்டை நக்கியது போல ஒரு சுவை. பாலை மாற்றினோம், தூளை மாற்றினோம். கடைசியில் மருத்துவரிடம் கேட்டால், நாக்கின் முன்பகுதிக்குச் சுவை கொண்டுபோகும் நரம்பு செவிப்பறைக்குப் பின்னாலேயே குறுக்கே ஓடுகிறது, வேலை செய்யும்போது அதை ஒதுக்க வேண்டியிருந்தது என்கிறார். காதுக்குள் ரசத்தின் ருசி ஓடுகிறது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இரண்டு மாதம் ரசத்தை இடது பக்கத்தால் குடித்தேன்.

எல்லாவற்றிலும் கொடுமை தும்மல். மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் அடக்கக்கூடாது, வாயை அகலத் திறந்து தும்ம வேண்டும். இல்லாவிட்டால் காற்று மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகும் அந்தக் குழாய் வழியாக ஏறி, ஒட்டைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். வாய்தான் ஒரு விரலுக்கு மேல் திறக்காதே என்று கேட்டேன், மருத்துவர் சிரித்தார். ஆறு வாரத்துக்கு எங்கள் வீட்டில் தாளிப்பில் மிளகாய் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்கு யார் சட்டம் போடுவது? மே மாதம்தானே சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுப்பார்கள். அந்த நெடி ஜன்னல் வழியாக வந்த ஒரு மத்தியானம், கூடத்தின் நடுவில் நின்று, சிங்கம் போல வாயைப் பிளந்துகொண்டு ஏழு தும்மல். தும்மினால் நூறு, இருநூறு என்று எண்ணி வாழ்த்துவது எங்கள் வீட்டு வழக்கம். என் மகள் எழுநூறு வரை எண்ணிவிட்டு, ஒட்டு இருக்கிறதா போய்விட்டதா என்று பயந்துபோய் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைக்குத் தண்ணீர் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கினி நட்சத்திரத்தில், சென்னையில், இடுப்புவரை முடி உள்ளவளுக்கு! ஈரத்துணியால் வகிடு வகிடாகத் துடைத்துக்கொண்டேன். பூ வைத்தால் வியர்வை வாடை மறையும் என்று பார்த்தால், மல்லிகையும் வியர்வையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை வந்தது. காதோரம் மழித்த இடத்தில் முள் முள்ளாக முடி முளைத்து அரித்தது, சொறியவும் கூடாது. ஆறாவது வாரம், வாஸ்லைன் தடவிய பஞ்சைக் காதில் அடைத்து, மகள் பின்னாலிருந்து சொம்பால் ஊற்ற, நாற்காலியில் மல்லாந்து தலை குளித்தேன். தீபாவளி எண்ணெய்க் குளியல்கூட அப்படி இனித்ததில்லை.

இதற்குள் உள்ளே அடைத்தது கரைந்துகொண்டு வந்தது. அவ்வப்போது பட்டென்று ஒரு வெடிப்பு, பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். முதலில் வந்தது மின்விசிறியின் கரகரப்பு. பிறகு என் கொலுசு. பள்ளி திறந்தபோது வகுப்பின் வலது வரிசையே வந்து சேர்ந்தது. கரும்பலகைக்கு முன் நின்றால் என் வலப்பக்கம் ஜன்னலோர பெஞ்சுகள். அவர்கள் வாயே திறக்காத நல்ல பிள்ளைகள் என்று பல வருடமாக நம்பி வந்திருக்கிறேன். பாடம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் அங்கிருந்து ஒரு முணுமுணுப்பு: "திங்கட்கிழமையும் இதே புடவைதான் கட்டிக்கொண்டு வந்தார்." உண்மைதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் இரண்டு காது இருக்கிறது என்பது அந்தப் பெஞ்சுக்கு இன்னும் தெரியாது, கொஞ்ச நாளைக்குத் தெரிய வேண்டாம்.

ஜூலை கடைசியில் கேட்கும் திறன் சோதனை எடுத்தார்கள். சிகிச்சைக்கு முன் 45 டெசிபல் இருந்த குறை 20க்கு வந்திருந்தது. 25 வரை இயல்பு என்கிறார்கள். அம்மாவிடம் தாளைக் காட்டினேன். எண் குறைந்திருப்பது எப்படி நல்லது என்று அவளுக்கு விளக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

அன்றைக்கு ஆடி வெள்ளி. இரவு பத்தரைக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். தெற்கு முனைக் கோவிலின் உடுக்கையும் வடக்கு முனைக் கோவிலின் நாகசுரமும் மேலே இருந்த காதில் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வலப்பக்கம் திரும்பினேன், இடது காதில் அதே கச்சேரி. என் கணவர் இருட்டில் சிரிப்பது நன்றாகவே கேட்டது. எழுந்துபோய்க் குளியலறை அலமாரியில் தண்ணீருக்காக வைத்திருந்த வாஸ்லைன் டப்பாவையும் பஞ்சையும் எடுத்துவந்தேன்.