ஜேம்ஸ் லாப்ரியின் குரலை உரித்தெடுக்கும் வேலை: இதுவரை வந்தது

லாப்ரியின் தனி ஆல்பமான 'ஸ்டாட்டிக் இம்பல்ஸின்' பல்லவிகள் நேற்று இரவு ஒருவழியாகப் பணிந்தன. லாப்ரியின் குரல் திரையில் ஒரே கோடாக, எங்கும் துள்ளாமல், நூல் பிடித்தாற்போல ஓடியது. அது என்னைப் படுத்திய பாட்டுக்கு அந்தக் கோட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

ட்ரீம் தியேட்டர் என்ற புரோகிரசிவ் மெட்டல் குழுவின் பாடகராக அவர் பாடியதையும் தன் பெயரில் பாடியதையும் காதால் மட்டும் ஒப்பிட்டால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. "தனி ஆல்பங்களில்தான் மனிதர் நிம்மதியாகப் பாடுகிறார்" என்று ஒரு கட்சி; "பெட்ருச்சி இல்லாமல் அவருக்கு ஏது பாட்டு" என்று எதிர்க்கட்சி (பெட்ருச்சி குழுவின் கிதார்க்காரர்). இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. குரலை மட்டும் பிரித்து, சுருதி வளைகோடு வரைந்து, இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

ஜோடி சேர்ப்பதில் ஒரு வசதி இருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு பக்கமும் ஆல்பம் வெளிவந்த சந்தர்ப்பங்கள் உண்டு. 1999இல் மல்மஸ்லர் என்ற பெயரில் லாப்ரி வெளியிட்ட 'கீப் இட் டு யுவர்செல்ஃப்'. அதே ஆண்டில் குழுவின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. 2005இல் 'எலிமெண்ட்ஸ் ஆஃப் பெர்சுவேஷன்', எதிரே 'ஆக்டவேரியம்'. 2013இல் 'இம்பர்மனென்ட் ரெசொனன்ஸ்', எதிரே குழுவின் பெயரையே தாங்கிய ஆல்பம். வயது ஏறியதால் குரல் மாறிவிட்டது என்ற சாக்கு இந்த மூன்று ஜோடிகளிலும் செல்லாது. 2010இன் 'ஸ்டாட்டிக் இம்பல்ஸு'க்கு நேர் ஜோடி இல்லை; அடுத்த ஆண்டு வந்த 'எ டிரமாட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸை'ப் பக்கத்தில் வைத்தேன்.

பிரிப்பதற்கு டெமக்ஸ், பாட்டிலிருந்து குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாக எடுக்கும் மென்பொருள். நான்கு மடங்கு நேரம் தின்னும் நுண்சீர் மாதிரியைத்தான் ஓட்டினேன். அதற்கு மேல் ஷிஃப்ட்ஸ் எண்ணையும் (பாட்டைச் சற்றே நகர்த்தி எத்தனை முறை ஓட்டிச் சராசரி எடுப்பது என்பது) ஏற்றினால் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத என் கணினி ஒரு பாட்டுக்கே மூச்சு வாங்குகிறது. குழுவின் பதினோரு நிமிடப் பாட்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு தூக்கமும் போடலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சிடியிலிருந்து ஃபிளாக்காக, அதாவது தரம் இழக்காமல், எடுத்ததையே கொடுங்கள். எம்பி3 கொடுத்தால் 'ஸ', 'ஷ' ஓசைகளின் மேல் சிம்பல் சத்தம் மணல் போல ஒட்டிக்கொண்டு போகவே மறுக்கிறது.

சிடி பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். பழைய சிடி விற்கும் ஒருவரிடம் மல்மஸ்லரின் இரண்டு ஆல்பங்களையும் வாங்கினேன். "புதியது போல" என்றார். முதலாவதன் வெளிவட்டம் முழுக்கக் கீறல்; கடைசிப் பாட்டைப் படிக்க டிரைவ் முனகிக்கொண்டே இருந்தது. இரண்டாவது, 2001இல் வந்தது, அட்டைப்படத் தாளே இல்லாமல் வந்து சேர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இவற்றை வெளியிட்ட மேக்னா கார்ட்டா நிறுவனத்தின் அந்தக் காலத்துப் பதிப்புகளைத் தேடுகிறவர்கள் வட்டின் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இனி என் தூக்கத்தைக் கெடுத்த கட்டத்துக்கு வருகிறேன். டெமக்ஸ் கொடுத்த குரல் தடத்தை சோனிக் விஷுவலைசர் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து, சுருதி காணும் பி-யின் (pYIN) என்ற செருகியை ஓட்டினால் சுருதி வளைகோடு வர வேண்டும். குழுவின் பாடல்களில் பெரும்பாலும் வந்தது. 'லேர்னிங் டு லிவ்' பாட்டில் அந்தப் பேர்பெற்ற உச்சத்தை, எஃப் ஷார்ப் 5, கோடு ஏறிப்போய்த் தொட்டதைப் பார்த்தபோது தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். முதல் ஓட்டத்தில் 740 ஹெர்ட்ஸுக்குப் பதில் 370ஐக் காட்டி ஒரு ஸ்தாயி கீழே விழுந்தது. தாழ்ந்த ஓசைகளை வடிகட்டிவிட்டு மறுபடி ஓட்டியதும் சரியான இடத்தில் நின்றது.

தனி ஆல்பங்களுக்கு வந்ததும் எல்லாம் குலைந்தது. பி-யின் ஒரு நேரத்தில் ஒரு சுருதியைத்தான் நம்பும். 'ஸ்டாட்டிக் இம்பல்ஸ்', 'இம்பர்மனென்ட் ரெசொனன்ஸ்' இரண்டின் பல்லவிகளிலும் லாப்ரியின் மேல் லாப்ரி, அதன் மேல் இன்னொரு லாப்ரி என்று அடுக்கியிருக்கிறார்கள். மூன்றாம் ஸ்வரத்துக்கு ஒரு முறை, ஐந்தாம் ஸ்வரத்துக்கு ஒரு முறை என்று கோடு தாவுகிறது. போதாக்குறைக்கு பீட்டர் வில்டோயரின் அலறல். டார்க்கேன் குழுவின் டிரம்மரான அவர் இந்த இரண்டு ஆல்பங்களிலும் டிரம்ஸோடு அலறலையும் ஏற்றுக்கொண்டார். டெமக்ஸுக்கு அலறலும் குரல்தான். அதை லாப்ரியோடு சேர்த்து ஒரே தடத்தில் கொட்டிவிடுகிறது. 'ஸ்டாட்டிக் இம்பல்ஸின்' முதல் பாட்டான 'ஒன் மோர் டைம்' தொடங்கியதுமே திரையில் கோடு என்று எதுவும் இல்லை, கொசுக்கூட்டம்தான்.

சுருதி காணும் இன்னொரு கருவியான க்ரேப்பும் ஓட்டிப் பார்த்தேன். அடுக்குக் குரல் வரும் இடங்களில் தன் நம்பிக்கை எண்ணை அது நேர்மையாகக் குறைத்துக் காட்டியது. நேர்மை நல்லதுதான், கோடு வரவில்லையே.

வழி திறந்தது மையம், பக்கம் என்று பிரித்தபோது. முக்கியக் குரல் பொதுவாக நடுவில் இருக்கும். அடுக்குகளை இடமும் வலமுமாக விரித்து வைப்பார்கள். இடத்தையும் வலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுக்குரல் முழு அளவில் நிற்கும். ஓரத்துக்குத் தள்ளிய குரல் 6 டெசிபல் இறங்கும். இரு காதிலும் வெவ்வேறாகப் பரவும் எதிரொலியும் தணியும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதை எந்தக் கட்டத்தில் செய்வது என்பதில்தான் சூட்சுமம். டெமக்ஸுக்குக் கொடுப்பதற்கு முன்பே பாட்டை மையமாக்கினால், ஸ்நேர் டிரம்மும் பேஸ் கிதாரும் முக்கியக் குரலும் ஒரே குவியலாகிவிடுகின்றன. பிரித்த குரலில் ஒவ்வொரு ஸ்நேர் அடிக்கும் ஒரு பள்ளம் விழுகிறது. ஸ்டீரியோவாகவே கொடுத்து, கிடைத்த குரல் தடத்தை மட்டும் ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மையமாக்கினால் அந்தப் பள்ளம் இல்லை. 6 டெசிபல் கேட்பவருக்குப் பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. பி-யினுக்கு அது போதும், யாரைப் பின்தொடர வேண்டும் என்று முடிவெடுத்துவிடுகிறது.

அலறலுக்குத் தனி மருந்து. பி-யின் அமைப்பில் குரலற்றது என்று கணித்த புள்ளிகளை எதிர்மறை அதிர்வெண்ணாகக் காட்டச் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு. அதைப் போட்டால் அலறலில் பெரும்பகுதி பூஜ்யத்துக்குக் கீழே போய் விழுகிறது. மேலே மிஞ்சுவது லாப்ரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தும் இடங்களைக் கையால்தான் வெட்டினேன். அதற்கு மாற்று வழி தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோடு என்ன சொல்கிறது? சுருதியின் உயரத்தை வைத்து இரண்டு பக்கத்தையும் பிரிக்க முடியும் என்று எதிர்பார்த்தேன். அதைவிட, கோடு இல்லாத இடங்கள்தான் பேசுகின்றன. குழுவின் பாடல்களில் குரல் வந்து, ஒரு வேலையை முடித்து, வெளியே போய் நிற்கிறது. பெட்ருச்சியின் கிதாரும் ரூடெஸின் கீபோர்டும் பேசி முடிக்கும்வரை திரை வெறிச்சோடிக் கிடக்கிறது. 'சீன்ஸ்' ஆல்பத்தில் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' முழுவதும் வாத்தியம்தான். அவருக்கு ஆறு நிமிட ஓய்வு. தனி ஆல்பத்தில் வாத்தியங்கள் குரலுக்காகக் காத்திருக்கின்றன. மார்கோ ஸ்ஃபோலி எவ்வளவு வேகமான கிதார்க்காரர்! அவருடைய தனி வாசிப்பு பல்லவி திரும்புவதற்குள் முடிந்துவிடுகிறது. 'ஸ்டாட்டிக் இம்பல்ஸ்', 'இம்பர்மனென்ட் ரெசொனன்ஸ்' இரண்டிலும் பாடல்கள் நான்கு நிமிடத்தை ஒட்டியவை. மேட் கில்லரி கீபோர்டு வாசிப்பவர், மல்மஸ்லர் நாளிலிருந்து லாப்ரியோடு சேர்ந்து பாட்டு எழுதியவர். அப்படியிருந்தும் கீபோர்டைப் பின்னால் நிறுத்தி வைத்தார். அந்த அடக்கத்துக்கே ஒரு சலாம்.

இரண்டாவது, ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது வரும் கமகம் போன்ற அதிர்வு. குழுவில் அவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் கோடு அகலமாக அலையடிக்கிறது. 'ஸ்டாட்டிக் இம்பல்ஸ்' பல்லவிகளில் அந்த அலை குறுகிப்போகிறது. அடுக்கிப் பாடும்போது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அலையடிக்க யாராலும் முடியாது; கட்டுப்படுத்தித்தான் ஆக வேண்டும். அவர் குரலின் நடுக்கம் பிடிக்காது என்று சொல்பவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். அவர்களிடம் இந்த ஆல்பத்தை நீட்டலாம்.

2005 ஜோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஆக்டவேரியத்தில்' 'தி ஆன்சர் லைஸ் விதின்', 'எலிமெண்ட்ஸில்' 'லாஸ்ட்'. இரண்டும் தணிந்த பாட்டுகள். முதலாவது பெட்ருச்சியின் வரிகள், ஆறுதல் சொல்லும் தொனி. ஒவ்வொரு வரியும் மண்டபத்தின் கடைசி இருக்கைவரை போக வேண்டும் என்று பாடப்பட்டிருக்கிறது. இரண்டாவதில் வாக்கிய முடிவுகளைக் கீழே விட்டுவிடுகிறார், மூச்சு கேட்கிறது. அந்த மூச்சை டெமக்ஸ் சில இடங்களில் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிட்டது என்பது வேறு கதை. தனி ஆல்பம் என்றால் மென்மை என்று கணக்குப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதே 'எலிமெண்ட்ஸ்' 'க்ரூசிஃபை' என்ற பாட்டோடு திறக்கிறது, மாஞ்சினியின் டிரம்ஸ் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது.

மாஞ்சினி பற்றி நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1999இலேயே லாப்ரியின் தனி முயற்சியில் வாசித்தவர். ட்ரீம் தியேட்டரின் டிரம்மர் போர்ட்னாய் 2010இல் விலகியபின் குழு தேர்வுக்கு அழைத்த ஏழு டிரம்மர்களில் அவரும் ஒருவர், வில்டோயரும் ஒருவர். ஆக, லாப்ரியின் தனி ஆல்பங்களில் உட்கார்ந்தவர்கள் இருவர் அந்த வரிசையில் நின்றார்கள். மாஞ்சினி உள்ளே போனார். 2023இல் போர்ட்னாய் திரும்பியதும் அந்த அத்தியாயம் மூடியது. பாடகருக்கு எழுத்திலும் இசையமைப்பிலும் குழுவில் செல்வாக்குக் குறைவு என்று குறைப்படுவார்கள். ஆள் சேர்க்கும் கண் மட்டும் அவருக்குத் தப்பவில்லை.

1999 ஜோடியை இன்னும் முடிக்கவில்லை. கீறல் விழுந்த வட்டு ஒரு காரணம். இன்னொன்று, 1994 இறுதியில் கியூபாவில் உணவு நஞ்சாகி, கடும் வாந்தியில் குரல்நாண் கிழிந்தபின் அவர் மீண்டுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஸ்டுடியோவில் அந்தத் தழும்பு வளைகோட்டில் தெரியுமா என்று பார்க்க ஆசை. குழுவின் 1992, 1994 பதிவுகளைச் சேர்த்து வைத்தால்தான் நியாயமாக இருக்கும். அவற்றின் ஒலி அளவு பிந்தைய மாஸ்டரிங்கைவிடத் தாழ்வு என்பதால் எல்லாவற்றையும் முதலில் ஒரே லஃப்ஸ் (ஒலியளவின் அலகு) அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும்.

அதற்குள் கை வேறு பக்கம் போய்விட்டது. 2022இன் 'பியூட்டிஃபுல் ஷேட் ஆஃப் கிரே' பெரும்பாலும் அகூஸ்டிக் கிதார் மேல் நிற்கும் ஆல்பம். ஈடன்ஸ் கர்ஸ் குழுவின் பால் லோக் கூட்டாளி, டிரம்ஸில் லாப்ரியின் மகன் சான்ஸ். 'டெவில் இன் டிராக்' பாட்டு அதில் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் எலக்ட்ரிக் வடிவத்தில் ஒரு முறையும் வருகிறது. இரண்டிலிருந்தும் குரலை உரித்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டிப் பார்க்கப் போகிறேன். ஏறக்குறைய அமைதியாகிவிட்டால் ஒரே பதிவு. குரல் தெளிவாக மிஞ்சினால் மறுபடி பாடியிருக்கலாம். மறுபடி பாடியிருந்தால் ஒரே மனிதர், ஒரே மெட்டு, இரண்டு பின்னணி. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. முதல் வடிவம் இப்போது டெமக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றைப் பழைய விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அது வந்தால் 1999ஐயும் சேர்த்து அடுத்த பதிவில் எழுதுகிறேன்.