லான்சரோத்தே: சாம்பலுக்கு அடியில் ஈரம்

லான்சரோத்தே தீவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், அதன் எரிமலைகளுக்கு முன்பே அதன் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஸ்பெயினைச் சேர்ந்த கானரித் தீவுகளுள் ஒன்றான இது, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கிறது. வடகிழக்கு வணிகக் காற்று டெனரீஃப் தீவின் 3,715 மீட்டர் உயரமுள்ள தெய்தே மலையில் மோதும்போது, அதன் வடக்குச் சரிவுகளில் மேகம் திரண்டு காடுகள் செழிக்கின்றன. லான்சரோத்தேயின் மிக உயர்ந்த இடமோ சுமார் 670 மீட்டர்தான் என்பதால், மேகங்கள் தடையின்றித் தாண்டிப் போய்விடுகின்றன. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 150 மில்லிமீட்டர் மழை கிடைப்பது அரிது. ஐரோப்பா குளிரில் நடுங்கும் ஜனவரியிலும் பகல் வெப்பநிலை இங்கு 20 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கோடையில் குளிர்ந்த கடல் நீரோட்டமும் காற்றும் வெயிலின் கடுமையைத் தணிக்கின்றன. எப்போதாவது காற்று திசைமாறிக் கிழக்கிலிருந்து வீசினால், சகாராவின் தூசு வானத்தை மூடிக்கொள்கிறது. அதைக் கலிமா என்கிறார்கள்.

1730 செப்டம்பர் 1 அன்று இரவு திமான்ஃபாயா பகுதியில் நிலம் பிளந்தது. யாய்சா ஊரின் பாதிரியார் அந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ எழுதிவைத்த குறிப்புகளால்தான், தொடக்க காலத்தில் எந்தெந்த ஊர்கள் எப்படி அழிந்தன என்பது நமக்குத் தெரிகிறது. வெடிப்புகள் 1736 வரை நீடித்தன. தீவின் ஏறத்தாழக் கால்பங்கு, அதுவும் தானியம் விளைந்த நல்ல நிலம், எரிமலைக் குழம்புக்கு அடியில் போயிற்று. பலர் தீவை விட்டே வெளியேறினார்கள்.

எஞ்சியவர்கள் கண்டறிந்ததுதான் எனக்கு இத்தீவின் மிகப் பெரிய அதிசயம். பிக்கோன் எனப்படும் கரிய எரிமலைச் சரளை, துளைகள் நிறைந்தது. பெய்கிற சிறு மழையையும் இரவுப் பனியையும் உள்ளே இறங்க விட்டு, பகலில் அது ஆவியாகிப் போகாமல் காக்கிறது. லா ஹேரியா பள்ளத்தாக்கில் அந்தச் சரளையைத் தோண்டி, அடியிலிருக்கும் பழைய மண்ணில் வேர் பிடிக்கும்படி திராட்சைக் கொடியை நட்டு, காற்று வரும் பக்கத்தில் அரைவட்டமாகக் கற்சுவர் அடுக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கருப்புக் குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பச்சைக் கொடி. தோட்டத்துக்காரர் அனுமதித்ததால் ஒரு குழியின் ஓரத்தில் குனிந்து சரளையைக் கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்து சூடாக இருந்தது. ஒரு சாண் ஆழத்தில் விரலில் ஈரம் ஒட்டியது. இயந்திரம் இறங்க முடியாத குழிகள் என்பதால் கவாத்து முதல் அறுவடைவரை எல்லாமே கைவேலை.

1974இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட திமான்ஃபாயாவில், பூமிக்குள் சில மீட்டர் ஆழத்திலேயே வெப்பம் பல நூறு டிகிரியாக இருக்கிறது. ஊழியர் ஒரு குழிக்குள் காய்ந்த புதரைத் தள்ளுகிறார், அது பற்றி எரிகிறது. குழாயில் நீரை ஊற்றுகிறார், நொடிகளில் நீராவி சீறி எழுகிறது. எரிமலைப் பரப்பின் பெரும்பகுதியைப் பேருந்தில் இருந்தபடியேதான் பார்க்க முடியும். இந்தக் கட்டுப்பாடு சிலருக்கு ஏமாற்றம் தருகிறது. எனக்கு அது முற்றிலும் சரியாகப் படுகிறது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகப் பாறையில் மெல்லப் படர்ந்திருக்கும் பாறைப்பாசிகள் ஒரே காலடியில் நொறுங்கிவிடும்.

இதே அக்கறையைத் தீவு முழுவதற்கும் விரித்தவர், அரெசிஃபேயில் பிறந்த ஓவியர் செசார் மான்ரிக்கே. 1960களில் சுற்றுலா பெருகத் தொடங்கியபோது, வீடுகள் தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருக்க வேண்டும், சாலையோர விளம்பரப் பலகைகள் கூடாது என்று அவர் ஓயாமல் வாதாடினார். எரிமலைக் குழம்பு ஓடிய குகையின் ஒரு பகுதியை ஹாமெயோஸ் தெல் ஆகுவா என்ற பார்வையிடமாக மாற்றியபோதும், குகை குகையாகவே இருந்தது. அங்குள்ள உப்புநீர்க் குளத்தில் விரல்நகம் அளவேயான கண்பார்வையற்ற வெள்ளை நண்டுகள் வாழ்கின்றன. நாணயத்தின் உலோகம் அவற்றுக்கு நஞ்சு என்பதால் குளத்தில் காசு போடக் கூடாது. 1992இல் மான்ரிக்கே சாலை விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே யுனெஸ்கோ தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

1960களின் நடுவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகுதான் பெரிய விடுதிகள் சாத்தியமாயின. இன்றும் குழாயில் வரும் நீர் கடலிலிருந்து எடுக்கப்படுவதே; அதற்கான மின்சாரத்தின் பெரும்பகுதி, கப்பலில் வரும் எண்ணெயை எரித்துப் பெறப்படுகிறது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் தீவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் பயணிகள் வருகிறார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று கானரித் தீவுகள் எங்கும் மக்கள் திரண்டு, கட்டுக்கடங்காத சுற்றுலாவுக்கும் ஏறிக்கொண்டே போகும் வீட்டு வாடகைக்கும் எதிராக ஊர்வலம் போனதை நான் மிகவும் நியாயமானதாகவே கருதுகிறேன்.

போக நினைப்பவர்கள் புவெர்த்தோ தெல் கார்மென் கடற்கரையோடு திரும்பிவிடாமல், லா ஹேரியாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கே திராட்சை அறுவடை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஐரோப்பாவின் மற்ற இடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சரிவில் சரளை சறுக்கச் சறுக்க, நிறைந்த பெட்டிகளைத் தோளில் சுமந்து ஆட்கள் குழிக்குழியாக ஏறி வருவதை அப்போது சாலையில் நின்றே பார்க்கலாம்.