நவல்பட்டுப் பக்கம் உருவாகும் குண்டு
திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-லிருந்து இருக்கிறது, டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே இருக்கும் ஹெச்.ஏ.பி.பி (Heavy Alloy Penetrator Project) என்ற இன்னொரு படைக்கல ஆலை பற்றித்தான் நம் ஊர்களில் யாரும் பேசுவதில்லை.

டேங்கைத் துளைக்கும் குண்டின் உள்தண்டு அங்கேதான் உருவாகிறது. டங்ஸ்டன் பொடியோடு நிக்கல், இரும்பு மாதிரி உலோகங்களைக் கலந்து அழுத்தி, 1,400 டிகிரிக்கு மேல் சூளையில் இறுக்குகிறார்கள். இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். அந்தத் தண்டுக்குள் வெடிமருந்தே கிடையாது! நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயும் வேகமும் கனமும்தான் கவசத்தைக் கிழிக்கின்றன. எனக்கு இது பெரிய பொறியியல் சாதனை.

2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரில் தலைமையகம் உள்ள நிறுவனத்தின் கீழ் போனது, ஹெச்.ஏ.பி.பி புனே நிறுவனத்துக்குப் போனது, அர்ஜுன் டேங்க் செய்யும் ஆவடி ஆலை தனி. பக்கத்துப் பக்கத்து ஆலைகளுக்கு வேறு வேறு முதலாளி. இந்தப் பிரிப்பு எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

ராணுவத் தளவாட உற்பத்தியை வளர்க்கத் தமிழ்நாட்டில் அமைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் திருச்சியும் ஒரு மையம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஐ.டி.ஐ-யில் டர்னர், மெஷினிஸ்ட் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த ஆலைகளின் அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.