மதுரை மொட்டை மாடியில் சண்டர்லாந்தின் புதிய சீசன்

இங்கிலாந்துக் கால்பந்தைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் எல்லாரும் 2025 கோடையில் ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023-24 சீசனுக்காக முதல் நிலை லீக்கான ப்ரீமியர் லீக்குக்கு ஏறி வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் ஆகிய மூன்று அணிகளும் அந்த ஆண்டே கீழ் லீக்குக்கு இறங்கின. அடுத்த ஆண்டு ஏறி வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் ஆகிய மூன்றுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. அதிலும் சவுத்தாம்ப்டன் 38 ஆட்டங்களில் வெறும் 12 புள்ளிகளே எடுத்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2025 மே மாதம் மேலே வந்த சண்டர்லாந்து அணியும் அதே வழியில்தான் போகுமா என்ற கேள்வி, அந்த ஆடி மாதத்தில் மதுரை அரசரடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலைதோறும் விவாதிக்கப்பட்டது.

மதுரையில் ப்ரீமியர் லீக் பார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி என்ற வரிசையோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் சண்டர்லாந்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம், நான் அந்த ஊரில் செவிலியராக வேலை செய்துவருவதுதான். பள்ளி விடுமுறைக்கு ஜூலை இறுதியில் மகனை அழைத்துக்கொண்டு வந்தபோது, அவன் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அணிச் சட்டையை மதுரை வெயிலிலும் கழற்ற மறுத்தான். என் தம்பி அந்தச் சட்டையைப் பார்த்து, "இந்தச் சட்டை அடுத்த வருசமும் இதே லீக்குல இருக்குமாக்கா?" என்று கேட்டான். பேச்சு அங்கே தொடங்கியது.

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சண்டர்லாந்து இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வியர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பல் கட்டுவதிலும் நிலக்கரி எடுப்பதிலும் உலகம் அறிந்த ஊர். கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988 இல் மூடப்பட்டது. ஊருக்குள்ளேயே இருந்த சுரங்கம் 1993 இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த நிலத்தின்மேல்தான் 1997 இல் இன்றைய விளையாட்டரங்கம் எழுந்தது. வாசலில் சுரங்கத் தொழிலாளர்கள் கையில் கொண்டுபோகும் விளக்கின் பெரிய வடிவம் ஒன்றை நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். வேலை போன ஊருக்கு அணி மட்டுமே மிஞ்சியது என்று அங்கே சொல்வார்கள். 1986 இலிருந்து அங்கே பெரிய கார் தொழிற்சாலை ஒன்றும் இயங்கிவருகிறது என்பதால் அந்தப் பேச்சு முழு உண்மையாகாது. ஆனாலும் அதைச் சொல்பவர்களின் முகத்தைப் பார்த்தால் மறுத்துப் பேச மனம் வராது.

நான் 2019 இல் போய்ச் சேர்ந்தபோது இவை எதுவும் எனக்குத் தெரியாது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர். வார்டில் நோயாளிகள் பேசும் ஆங்கிலம், தேர்வுக்காக நான் கற்றுக்கொண்டு போன ஆங்கிலம்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேறாக ஒலித்தது. வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கவில்லை. ஆனால் வேலையைத் தவிர அந்த மனிதர்களோடு பேச என்னிடம் எதுவும் இல்லை. அந்த நிலையை மாற்றியவர் நுரையீரல் நோயால் அடிக்கடி வந்து சேரும் ஒரு முதியவர், பழைய சுரங்கத் தொழிலாளி. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த சீசனில் ஆட வேண்டிய பதினொருவரின் பட்டியலைச் சொல்லுவார். நான் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்து எழுதி முடிப்பதற்குள் டிஃபென்ஸை முடித்துவிட்டு மிட்ஃபீல்டுக்கு வந்திருப்பார். இரண்டாம் நிலை லீக்கில் இருந்த சண்டர்லாந்து 1973 இல் எஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டியில் லீட்ஸை 1-0 என்று வென்றதையும், 2013 முதல் 2015 வரை பக்கத்து ஊர் நியூகாசிலைத் தொடர்ந்து ஆறு முறை வென்றதையும் அவரிடமிருந்துதான் முதலில் கேட்டேன். பட்டியலைச் சொல்லி முடித்ததும், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பார். அந்த ஊரில் மருந்து, வலி, தூக்கம் தவிர்த்த ஒரு விஷயத்தில் என் கருத்தைக் கேட்ட முதல் மனிதர் அவர். பதில் சொல்வதற்காகவே நான் ஆட்ட விவரங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

அணி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் கிடந்தது. 2017 இல் ப்ரீமியர் லீக்கிலிருந்தும், 2018 இல் அதற்கடுத்த சாம்பியன்ஷிப்பிலிருந்தும், அடுத்தடுத்து இரண்டு படி விழுந்திருந்தது. அந்தத் தாழ்ந்த நிலையிலும் சொந்த மைதானத்துக்கு முப்பதாயிரம் பேர் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை என் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் நம்பவில்லை. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், அரசரடி ரயில்வே மைதானத்தில் நடுவரிசையில் ஹாஃப் பேக் ஆடியவர். மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு முப்பதாயிரம் பேர் என்ற செய்தியை அவர் தன் பழைய சகாக்கள் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தார் என்று அம்மா பிறகு சொன்னாள். 2022 இல் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் விக்கம் அணியை 2-0 என்று வென்று அணி சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது. அதற்குள் என் கணவர் வந்து சேர்ந்திருந்தார், மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான், பக்கத்து வீட்டாரோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேச எனக்கும் விஷயம் இருந்தது. பெரும்பாலும் அது ஸ்டிரைக்கர் இல்லாத குறையைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும்.

அந்த மே மாதம் நடந்ததைத் தம்பி தொலைக்காட்சியில் பார்த்திருந்தான். லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று நான்காம் இடத்தில் முடித்த அணி, மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே ஆஃப் போட்டியின் அரையிறுதியில் கூடுதல் நேரத்தின் 122 ஆவது நிமிடத்தில் டேன் பாலார்டு தலையால் முட்டிய கோலால் கோவென்ட்ரியைக் கடந்தது. இறுதிப்போட்டியில் ஷெஃபீல்டு யுனைடெட் முதலில் கோல் போட்டது. 76 ஆவது நிமிடத்தில் எலியேசர் மயெண்டா சமன் செய்தார். 95 ஆவது நிமிடத்தில் டாம் வாட்சன் வெற்றி கோலை அடித்தார். அந்தப் பையன் பிரைட்டன் அணிக்குப் போவது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. போகிறவன் கொடுத்துவிட்டுப் போன பரிசு என்று சண்டர்லாந்தில் எங்கள் தெருவில் அன்று இரவு முழுவதும் கொண்டாடினார்கள்.

"அதெல்லாம் சரிக்கா, நூறு புள்ளி எடுத்து வந்த லீட்ஸும் பர்ன்லியுமே தாக்குப் பிடிப்பாங்களான்னு தெரியலை, 76 புள்ளி எடுத்த நீங்க எப்படி?" என்பது தம்பியின் கட்சி. சாம்பியன்ஷிப்புக்கும் ப்ரீமியர் லீக்குக்கும் நடுவில் பணத்தால் விழுந்திருக்கும் பள்ளம் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிறது, மேலே ஏறும் அணிகள் தங்கள் சிறந்த ஆட்டக்காரர்களையும் தக்கவைக்க முடிவதில்லை என்று அவன் சொன்னது நியாயம்தான். சண்டர்லாந்தின் நடுக்கள வீரர் ஜோப் பெல்லிங்காம் ஜூன் மாதமே ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்குப் போய்விட்டார். ஆனால் சண்டர்லாந்து அவரை விற்ற பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை என்பது என் வாதம். ஹபீப் டியாரா, நோவா சடிக்கி, ஷெம்ஸ்டின் டல்பி, சைமன் அடிங்ரா, ரெய்னில்டோ, கோல்கீப்பர் ராபின் ரோஃப்ஸ் என்று வரிசையாக வாங்கினார்கள். கடனாக வந்திருந்த என்சோ லே ஃபேயை நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். செலவு 10 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. ஜூலை இறுதியில் நடுக்கள வீரர் கிரானிட் ஷாக்காவும் வந்தார்.

ஷாக்கா என்ற பெயரைக் கேட்டதும் தம்பி எழுந்தே நின்றுவிட்டான். அவன் ஆர்சனல் ரசிகன். 2019 இல் கேப்டனாக இருந்த ஷாக்கா, சொந்த ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே சட்டையைக் கழற்றிக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியேறிய நாளை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. செப்டம்பரில் 33 வயது முடிகிறது, கால் ஓடாது, சிவப்பு அட்டை வாங்குவார் என்று அடுக்கினான். அப்பா குறுக்கிட்டார். அதே ஆள் அதன் பிறகும் 2023 வரை அங்கேயே ஆடி மரியாதையைத் திரும்பப் பெற்றதையும், லெவர்குசனுக்குப் போன முதல் சீசனிலேயே ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெர்மனியின் லீக் பட்டத்தை வென்ற அணியில் நடுநாயகமாக ஆடியதையும் அப்பா சொன்னார். "பந்தை எப்ப நிறுத்தணும், எப்ப விடணும்னு தெரிஞ்ச ஒருத்தன் நடுவுல வேணும்டா. சின்னப் பயலுக பத்துப் பேரு ஓடுனா மட்டும் போதாது" என்றார். ஹாஃப் பேக் ஆடியவர் வேறு எப்படிப் பேசுவார்! ஆனால் நானும் அவர் கட்சிதான். மேலே வந்து உடனே விழுந்த அணிகள் பலவும் 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தை ஆற வைக்கத் தெரியாமல் தோற்றதைப் பார்த்திருக்கிறேன்.

தாய்மாமாவின் அச்சம் வேறு. அவருக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. "ஒரே மாசத்துல கடை முழுக்கப் புதுச் சரக்கு ஏத்துறவன் தீபாவளியில ஜெயிப்பான், பொங்கலுக்குத் தடுமாறுவான் மாப்ள" என்று தம்பியிடம் சொன்னார். அவர் வியாபாரத்தை நினைத்துச் சொன்னது அணிக்கு அப்படியே பொருந்தியது. ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பை மொரோக்கோவில் 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை நடப்பதாக இருந்தது. டியாரா செனகல் நாட்டவர், சடிக்கி காங்கோ, டல்பி மொரோக்கோ, அடிங்ரா ஐவரி கோஸ்ட், ரெய்னில்டோ மொசாம்பிக். இவர்கள் அழைக்கப்பட்டால் சரியாகப் பொங்கல் நேரத்தில் அணியில் பாதி இருக்காது. ஆட்டங்கள் நெருக்கமாக வரும் அந்த நான்கு வாரங்களில் யாரைக் கொண்டு ஆடுவது என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. எங்கள் வார்டில் வேலை செய்யும் சக செவிலியர் ஒருவரும் இதையேதான் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்.

மாமா கடையிலிருந்து ஒரு நீளமான பேரேட்டைக் கொண்டுவந்து, வரவு செலவுக் கட்டங்களில் 38 ஆட்டங்களையும் தம்பியை எழுத வைத்தார். எந்த ஆட்டத்தில் எத்தனை புள்ளி என்று ஒவ்வொருவரும் தனி வரிசையில் குறித்தோம். ரசிகர்கள் வழக்கமாக 40 புள்ளி எடுத்தால் தப்பலாம் என்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில், கீழே இறங்கும் வரிசையின் தொடக்கமான பதினெட்டாம் இடத்தில் விழுந்த லூட்டனும் லெஸ்டரும் எடுத்தவை முறையே 26, 25 தான். ஆகவே 27 இருந்தாலே அந்த ஆண்டுகளில் பிழைத்திருக்கலாம். தம்பி கூட்டிப் பார்த்து 24 என்றான். மாமாவுக்கு 29 வந்தது, அப்பாவுக்கு 33. என் வரிசையில் 38 வந்தபோது மூவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். டிசம்பர் நடுவில் சொந்த மைதானத்தில் நியூகாசிலோடு நடக்கவிருந்த ஆட்டத்துக்கு நான் மூன்று புள்ளி போட்டிருந்ததுதான் காரணம். நியூகாசில் அந்த மார்ச்சில்தான் லிவர்பூலை வென்று லீக் கோப்பையை எடுத்திருந்தது. இருந்தாலும் அந்தக் கட்டத்தில் வேறு எண்ணை எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது.

இந்தப் பேச்சுக்கு நடுவில் அப்பா சில நேரம் அமைதியாகிவிடுவார். நம்முடைய ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் சீசனை நடத்துபவர்கள் ஒப்பந்தச் சிக்கலால் அந்த ஜூலையில் நிறுத்திவைத்திருந்தார்கள். 2015 இலும் 2017-18 இலும் பட்டம் வென்ற சென்னையின் எஃப்சிக்கு அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்று பேச வேண்டிய நேரத்தில், சீசனே இருக்குமா என்று கேட்கும் நிலை இருந்தது. சண்டர்லாந்து கீழே விழுந்தாலும் ஆகஸ்டில் ஆட்டம் இருக்கும் என்பதை அப்பா பொறாமையோடு சொன்னார். அது எனக்கு வலித்தது.

முதல் ஆட்டம் ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை நாள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை நேரலையில் காட்டக் கூடாது என்று நெடுங்கால விதி உண்டு. மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிடாமல் சின்ன மைதானங்களுக்கும் போக வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. ஆகவே நான் சண்டர்லாந்தில் இருந்து, டிக்கெட்டும் கிடைக்காமல் போயிருந்தால், வானொலியில்தான் கேட்டிருப்பேன். அரசரடியில் இரவு ஏழரைக்கு எல்லாரும் உட்கார்ந்து முழுவதும் பார்த்தோம். எதிரணி வெஸ்ட் ஹாம். முதல் பாதியில் கோல் இல்லை. ஒரு மணி நேரம் கடந்ததும் அல்டெரேட்டே கொடுத்த கிராஸை மயெண்டா தலையால் உள்ளே அனுப்பினார். அடுத்து அடிங்ராவின் கிராஸில் பாலார்டு. கடைசியில் இசிடோர். 3-0. மகன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

மாமா பேரேட்டைத் திறந்து அந்தக் கட்டத்தில் தான் போட்டிருந்த ஒன்றை அடித்து மூன்றாக்கினார். ஜனவரிக் கட்டங்களைத் தொட மறுத்துவிட்டார். தம்பி, வெஸ்ட் ஹாமின் டிஃபென்ஸை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றான். அதே நேரத்தில் பர்ன்லி டாட்டன்ஹாமிடம் 3-0 என்று தோற்றிருந்தது. அடுத்த சனிக்கிழமை சண்டர்லாந்து ஆடப்போவது பர்ன்லியின் மைதானத்தில். அங்கும் மூன்று புள்ளி வரும் என்று நான் சொல்ல, சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டங்களில் 16 கோல்தான் விட்ட அணி இரண்டாம் முறையும், அதுவும் சொந்த மண்ணில், அப்படித் தோற்காது, சமன் ஆனாலே நல்லது என்று அப்பா தன் கட்டத்தைக் காட்டினார். அந்த 16 கோலுக்குக் காரணமான கோல்கீப்பர் டிராஃபோர்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டாரே என்று நான் கேட்டேன். "கோல்கீப்பர் மட்டுமா காப்பாத்துனான்?" என்று அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.