இழை எடுக்கும் நாட்கள்

நவம்பர் 28

ஆச்சியின் விரலில் கருவி மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு உட்கார்ந்திருக்கையில் 96. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை போய்த் திரும்பியதும் 89.

காய்ச்சல் 99.4ஐத் தாண்டவில்லை. வறட்டு இருமல். மழை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வீட்டில் பேச்சு. ஆச்சி ப்ரெட்னிசோலோன் 40 மி.கி.யில் தொடங்கி இப்போதுதான் 20க்கு இறங்கியிருக்கிறார், கூடவே எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மைக்கோஃபினலேட். இந்த அளவு ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்போது காய்ச்சல் ஏறாததை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது காய்ச்சலை அமுக்கிவிடும், கிருமியை அமுக்காது. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வரும் வாரங்களில்தான் இந்த மாதிரி நுரையீரல் தொற்று தலைகாட்டுவது வழக்கம்.

விரலைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டி, எண் ஆடாமல் நிற்க அரை நிமிடமாவது கொடுக்க வேண்டும். நடந்த கையோடு பார்க்க வேண்டும். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் மறுபடி 96தான் காட்டும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

நவம்பர் 29

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் இருக்காது. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

நவம்பர் 30

சி.டி.யில் இரண்டு பக்கமும் மங்கலான வெண்படலம். நுரையீரலின் ஓரங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. முடிச்சு இல்லை, குழி இல்லை, நீர் கோக்கவில்லை.

நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் விலக்க வேண்டும். ஆனால் அது இப்படிப் பரவலாக, ஒரே சீரான மங்கலாக வருவது அபூர்வம். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை என்றால் முடிச்சும் அதைச் சுற்றி ஒளிவட்டமும் எதிர்பார்க்கலாம். நோகார்டியா பாக்டீரியா என்றால் முடிச்சு, சீழ்க்குழி, சில சமயம் தலைவலி. அந்தக் கிருமி காசநோய்ச் சாயத்தையும் லேசாக ஏற்றுக்கொள்ளும் என்பதால், காசநோய் என்று மருந்து கொடுத்து மாதங்கள் வீணாவது உண்டு. சர்க்கரை நோயாளிக்கு மழைக்காலத்தில், வயல் சேறு பட்ட பிறகு நிமோனியா வந்தால் மண்ணிலுள்ள பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸையும் நினைக்க வேண்டும். இங்கே படம் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு நிமோனியா தரும் நியூமோசிஸ்டிஸ் கிருமியைக் காட்டுகிறது. நடந்தால் எண் விழுகிறது, எக்ஸ்ரே பேசவில்லை, சி.டி. பேசுகிறது.

மருந்துச் சீட்டுகளை மறுபடி புரட்டிப் பார்த்தாகிவிட்டது. இதைத் தடுக்கும் செப்ட்ரான் (ட்ரைமெத்தோப்ரிமும் சல்ஃபாவும் சேர்ந்த மாத்திரை) எதிலும் இல்லை.

டிசம்பர் 1

நுரையீரல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி எல்.டி.எச். 540. அதிகம்தான்.

டிசம்பர் 2

சாம்பிள் மதுரைக்குப் போயிருக்கிறது. முடிவு எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. உட்கார்ந்த நிலையிலேயே இப்போது 92.

முடிவு வரட்டும், பிறகு மருந்து என்கிறார்கள். அதற்கு நேரம் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த நிமோனியா வாரக்கணக்கில் மெல்ல ஏறும், கிருமியும் ஏராளமாகக் கிடைக்கும். ஸ்டீராய்டில் இருப்பவர்களுக்குச் சில நாட்களிலேயே முற்றிவிடும். கிருமியோ கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் சாயம் போட்டுப் பார்த்தால் தெரியாமலே போகலாம், பி.சி.ஆர். வேண்டும். இறப்பும் இவர்களிடத்தில்தான் அதிகம். மருந்து தொடங்கினால் பரிசோதனை கெட்டுவிடும் என்ற பயமும் தேவையில்லை. மருந்து உள்ளே போன பிறகும் பல நாள் வரை கிருமியின் தடயம் நுரையீரல் கழுவிய நீரில் கிடைக்கும்.

டிசம்பர் 3, திருக்கார்த்திகை

செப்ட்ரான் தொடங்கியாயிற்று. எடை 50 கிலோ. ட்ரைமெத்தோப்ரிம் கணக்கில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி. அதாவது 160/800 டி.எஸ். (இரட்டை வலு) மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை. வயிறு தாங்கினால் மாத்திரையே போதும், நன்றாக உறிஞ்சப்படும். நரம்பு வழி ஏற்ற நேர்ந்தால் ஒவ்வொரு 5 மி.லி. ஆம்ப்யூலுக்கும் 125 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸ், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். கலங்கினாலோ படிந்தாலோ கொட்டிவிட வேண்டும்.

தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 64. எழுபதுக்குக் கீழே என்றால் ஸ்டீராய்டைக் கூட்டுவது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஐயமில்லாத விதி. மற்றவர்களுக்கு அத்தனை உறுதி கிடையாது. ஆனாலும் கூட்டியிருக்கிறார்கள்: 40 மி.கி. இரண்டு வேளை ஐந்து நாள், பிறகு ஒரு வேளை ஐந்து நாள், அப்புறம் 20 மி.கி. பதினொரு நாள். மைக்கோஃபினலேட் நிறுத்தம்.

மொத்தம் 21 நாள். பிள்ளையார் நோன்புக்கும் இன்றிலிருந்து நாளுக்கொன்றாக 21 நூலிழை. ஆச்சியே கணக்கை எடுத்துக்கொண்டார். காலையில் வேட்டியிலிருந்து நூலை உருவுகிற கையோடு முதல் வேளை மாத்திரை. இதைவிட நல்ல அட்டவணையை யாராலும் போட்டுத் தர முடியாது.

டிசம்பர் 5

"ஆத்தாளுக்கு நாக்கு வறண்டு கெடக்கு, இளநீர் கொடுக்கலாமா?"

கூடாது. ட்ரைமெத்தோப்ரிம் சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும், இளநீர் அதையே கொண்டுவந்து கொட்டும். இன்று பொட்டாசியம் 5.4. ரத்த அழுத்தத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும், அதை மாற்றியாயிற்று. கிரியாட்டினின் லேசாக ஏறியிருப்பது வேறு சங்கதி: மருந்து அது கழியும் வழியை அடைக்கிறது, அதனால் மட்டும் சிறுநீரகம் கெட்டது என்று ஆகாது. பொட்டாசியம் ஏறினால்தான் இதயத்துக்கு ஆபத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 6

ஆக்சிஜன் 2 லிட்டரிலிருந்து 4. முதல் மூன்று, நான்கு நாள் இறங்கத்தான் செய்யும். ஐந்தாறு நாள் ஆகாமல் மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. தெரியும். தெரிந்தும் ராத்திரி முழுக்க எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுகிறது.

டிசம்பர் 8

நோன்புக்குப் பூட்டிக் கிடக்கும் பூர்வீகப் பெரிய வீட்டைத் திறக்க வேண்டுமாம். ஐப்பசியில் முன்னோர் படைப்புக்குத் திறந்தபோதே ஆச்சியைப் பட்டாலையில் உட்காரவைத்துக்கொண்டுதான் ஒட்டடை அடித்தார்கள். அந்தத் தூசிதான் இதற்குக் காரணமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. நியூமோசிஸ்டிஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்றில் வருவது, வீட்டுத் தூசியில் வருவதில்லை.

ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் தூசியில்தான் வரும். அதன் வித்து 2, 3 மைக்ரான்தான், மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். துணி மாஸ்க் அதைப் பிடிக்காது. பூட்டிக் கிடந்த வளவு, உதிர்கிற சுண்ணாம்புப் பூச்சு, மரச் சாமான் அடுக்கிய அறை, வவ்வால் எச்சம் எல்லாம் இருக்கிற வீடு அது. வறட்டு விளக்குமாறு ஆகவே ஆகாது. எச்சத்தை நன்றாக நனைத்து ஊறவிட்டு அள்ள வேண்டும், ஆத்தங்குடித் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். செய்கிறவர்கள் என்95 போட வேண்டும். ஆச்சி அந்தத் தெருவிலேயே இருக்கக் கூடாது. இந்த வருஷம் இழையை இங்கேயே எடுத்துக்கொள்ளட்டும், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சர்க்கரை 310. ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் கரும்பூஞ்சை காட்டியது. ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் அதற்குப் பலிக்காது. இன்சுலினைக் கூட்டியாயிற்று.

டிசம்பர் 9

பி.சி.ஆர். வந்துவிட்டது. நியூமோசிஸ்டிஸ் ஜிரோவெசியே.

பூஞ்சை என்று தெரிந்ததும் பூஞ்சை மருந்து ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார்கள். மற்ற பூஞ்சைகளின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் இதில் இல்லை. ஆம்ஃபோடெரிசினும் ஃப்ளூகோனசோலும் தாக்குவது அதைத்தான், அதனால் இதனிடம் பலிக்காது. 1988இல் மரபணுவைப் பார்க்கும்வரை இதை ஒட்டுண்ணி என்றே பலரும் வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 11

2 லிட்டரில் 96. கட்டிலைச் சுற்றி நடந்ததும் 93!

கோபம் மட்டும் தணியவில்லை. ப்ரெட்னிசோலோன் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரு மாதம் தாண்டிப் போகும், கூடவே இன்னொரு எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்தும் உண்டு என்றால், வாரம் மூன்று நாள் ஒரு டி.எஸ். மாத்திரை. எச்.ஐ.வி.யில் சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்கள் இருநூறுக்குக் கீழே என்றாலும் தடுப்பு மாத்திரை உண்டு. விலை சில ரூபாய். அது இருந்திருந்தால் இந்த ஆக்சிஜன் குழாய் வந்திருக்காது. 21 நாள் முடிந்த மறுநாளே இது தொடங்க வேண்டும், ஸ்டீராய்டு நன்றாக இறங்கும்வரை நிற்கக் கூடாது. சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கச் சொல்லியாயிற்று.

டிசம்பர் 13

கழுத்திலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு. இரண்டாவது வாரத்தில் சல்ஃபா இப்படிக் காட்டும்.

வாய்க்குள் பார்த்தாயிற்று, புண் இல்லை. கண் சிவக்கவில்லை. கொப்புளம் இல்லை, தோல் உரியவில்லை. புதுக் காய்ச்சலும் இல்லை. இப்படியே இருந்தால் அரிப்பு மருந்தோடு தொடரலாம். ஒரு கொப்புளம் வந்தாலும் அந்த வேளையோடு செப்ட்ரானை நிறுத்தி, அதற்கு மாற்றாக க்ளிண்டாமைசினும் ப்ரைமாகுவினும். சிவப்பணுவில் உள்ள ஜி6பிடி நொதி குறைவாக இருந்தால் ப்ரைமாகுவின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்த ரத்தப் பரிசோதனை இன்றைக்கே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்திருக்காது.