தெக்கு வேலி ஓட்டையில கொயோட்டி சிக்கிடுச்சு! (கேபிளை வளைச்சு எடுக்கிறது பத்தி கொஞ்சம் நீளமா)

இன்னைக்கு விடியக்காலையில தெக்கு வேலியில வச்சிருந்த ஸ்னேர்ல (கேபிள் சுருக்குக் கண்ணி) ஒரு கொயோட்டி, அதான் ஓநாய் மாதிரி ஆனா சின்னதா இருக்கிற அமெரிக்கக் காட்டு மிருகம், மாட்டியாச்சு. நல்ல பெரிய கடுவன், முப்பது பவுண்டுக்கு மேலயே இருக்கும். குட்டி போடுற சமயத்துல இருந்து நம்ம போயர் இன வெள்ளாட்டுக்குட்டிகளை ஒவ்வொண்ணா தூக்கிட்டு இருந்தது இவன்தான்னு நினைக்கிறேன். செத்த குட்டியோட கழுத்துத் தோலை உரிச்சுப் பார்த்தா தொண்டைக்குக் கீழ பல் இறங்கின ஓட்டையும் ரத்தக்கட்டும் தெளிவா இருந்துச்சு. ஊர்நாய் கடிச்சிருந்தா தொடை, பின்னங்கால், காதுன்னு கண்ட இடத்துல குதறி வச்சிருக்கும், கொயோட்டி அப்படி இல்ல, நேரா தொண்டைதான்.

நாங்க இருக்கிறது டெக்சாஸ்ல ஜங்ஷன் டவுனுக்குத் தெக்க, எட்வர்ட்ஸ் பீடபூமி. சுண்ணாம்புப் பாறை, இங்க சீடர்னு சொல்ற ஜூனிப்பர் புதர், வெள்ளாடு, செம்மறி, இதான் ஏரியா. கொயோட்டிக்கு இங்க சீசன் கட்டுப்பாடு கிடையாது, சொந்த நிலத்துல ஸ்னேர் போடலாம். மத்த ஸ்டேட்ல இருக்கிறவங்க அங்கங்க இருக்கிற சட்டத்தைப் பார்த்துக்கோங்க, சில இடத்துல ஸ்னேரே கூடாது. இந்தியாவுல இருந்து படிக்கிறவங்க யாரும் நரிக்கு இதை முயற்சி பண்ணிடாதீங்க, 1972 வனவிலங்கு சட்டப்படி அது குற்றம்.

இடம் பிடிக்கிறதுதான் பாதி வேலை. கொயோட்டி வேலியைத் தாண்டிக் குதிக்கிறதை விட அடியில நுழையறதைத்தான் விரும்பும், ஒரு தடவை ஒரு ஓட்டை பழகிட்டா அதே ஓட்டைக்குத் திரும்பத் திரும்ப வரும். நெட் வயர் (கட்டம் கட்டமா பின்னின கம்பி) வேலி ஓரமா நடந்து போய் கீழ்க்கம்பியை மட்டும் பாருங்க. நுழையற இடத்துல மண்ணு சாணி மெழுகின திண்ணை மாதிரி வழவழன்னு இருக்கும், கம்பி முறுக்குல சாம்பலும் பழுப்பும் கலந்த முடி சிக்கியிருக்கும். ஆனா அர்மடில்லோவும் ரக்கூனும் அதே ஓட்டையில வரும், காட்டுப்பன்னி வந்தா கம்பியையே தூக்கி வளைச்சுட்டு சேறு பூசிட்டுப் போயிருக்கும். நம்ம பாறைத் தரையில கால் தடம் விழவே விழாது, அதனால ஓடையில இருந்து மண்ணு எடுத்து சலிச்சு ஓட்டை வாயில தூவி விட்டேன். மறுநாள் தடம் சும்மா அச்சு மாதிரி விழுந்திருந்துச்சு, நீள்வட்டமா, ரெண்டரை இஞ்ச் நீளம், நடு நகம் ரெண்டும் நேரா முன்னாடி பார்த்து. நாய்த் தடம் இதை விட வட்டமா, விரல் விரிஞ்சு இருக்கும். சிலந்தி வலை கட்டியிருக்கிற ஓட்டையில நேரத்தை வீணாக்காதீங்க.

இப்ப கேபிளுக்கு வர்றேன், இதுக்காகத்தான் இந்தப் பதிவே. 5/64 இஞ்ச் தடிமன், 7x7 பின்னல் (ஏழு இழை சேர்ந்த புரி ஏழு), எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா ரோல்ல இருந்து வர்ற கேபிளுக்கு ஒரு பிடிவாதம் இருக்கு, அதை வளைச்சு லூப் போட்டா எப்பவும் விரியத்தான் பார்க்கும். கொயோட்டி தலையை உள்ள விட்டு நெஞ்சு தட்டினதும் லாக் (கேபிள் மேல சறுக்கி சுருக்கை இறுக்குற துண்டு) நகர்றதுக்குப் பதிலா லூப் முன்னாடி தள்ளிட்டுப் போயிடும், அது பின்வாங்கி எஸ்கேப், அப்புறம் அந்த ஓட்டைப் பக்கமே வராது. அதனால லோடிங், அதாவது கேபிளுக்கு தானா மூடுற மாதிரி வளைப்பு கொடுக்கிறது, பண்ணியே ஆகணும். லாக்குக்குப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு கேபிளை ஸ்க்ரூடிரைவர் தண்டு மேல வச்சு, கட்டை விரலால அழுத்தி இழுக்கணும். பரிசுப் பொட்டலத்து ரிப்பனை கத்திரியில சுருட்டுவாங்கல்ல, அதே சங்கதி, ஆனா மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. ஒரே இழுப்புல அழுத்தி இழுத்தா மூலை விழுந்து மடிஞ்சிடும், மடிஞ்ச கேபிள்ல லாக் அந்த இடத்துலயே நின்னுக்கும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சரியா வந்துச்சான்னு பார்க்க லூப்பை முழுசா திறந்து கையில பிடிச்சு அடிப்பக்கத்தை விரலால லேசா தட்டுங்க. சடக்குன்னு தானா மூடணும். பாதியில நின்னா இன்னும் வேலை பாக்கி. நான் வளைப்பைக் கூட்டிக் குறைச்சு, தட்டித் தட்டி, இந்த ஒரு விஷயத்துலயே உக்காந்திருந்தேன். கடைசியில கிடைச்ச கணக்கு இதுதான்: லாக் பக்கம் வளைப்பு அதிகம், எதிர்ப்பக்கம் போகப் போகக் கம்மி. இன்னைக்கு மாட்டினது அப்படிப் பண்ணின கேபிள்லதான். ரொம்ப சந்தோஷம்.

லோடிங்குக்கு முன்னாடி பேக்கிங் சோடா போட்டு கொதிக்க வச்சுடுங்க, எண்ணெயும் பளபளப்பும் போய் சாம்பல் நிறமா ஆயிடும்.

லாக் பத்தி ஒரு புலம்பல். ஆன்லைன்ல ஒரு கடையில மலிவா கிடைக்குதேன்னு மொத்தமா வாங்கினேன், பாதி லாக்ல ஓட்டை ஓரத்துல பிசிறு, கேபிளைச் சுரண்டுது. ஒவ்வொண்ணா அரம் வச்சு தேய்ச்சேன். இனிமே லாக் மட்டும் நல்ல விலை கொடுத்தே வாங்கப் போறேன், கேபிளை ரோலாவும் ஃபெரூலை (கேபிள் முனையை நசுக்கிப் பிடிக்கிற சின்ன உலோகக் குழாய்) மொத்தமாவும் வாங்கி வீட்டுலயே சுத்தியால அடிச்சுக்கலாம், அதுல பெருசா ஒண்ணும் இல்ல.

வேலி ஓட்டையில செட் பண்ணும்போது தனியா முளை அடிக்க வேண்டாம், லூப்பைத் தூக்கிப் பிடிக்கிற 9 கேஜ் சப்போர்ட் கம்பியை நெட் வயர்லயே முறுக்கிட்டேன், கேபிள் வாலை மட்டும் டி-போஸ்ட் (இரும்பு வேலிக்கால்) அடியில கட்டினேன். லூப் ஓட்டை அளவுக்கே, அடிப்பக்கம் தரையில இருந்து ரெண்டு விரல் உயரம், ஏன்னா நுழையும்போது தலையைத் தாழ்த்தித்தான் வரும். நடைபாதையில போடுறதா இருந்தா கணக்கே வேற, பத்து இஞ்ச் லூப், தரையில இருந்து பத்து இஞ்ச்.

ரிலாக்சிங் லாக் (இழுக்கிறதை நிறுத்தினா தளர்ற லாக்), மான் ஸ்டாப், பிரேக்-அவே ஹூக் மூணும் இல்லாம எங்கயும் போடாதீங்க, இதுல நான் ரொம்ப கறார். மான் காலை உள்ள விட்டா ஸ்டாப் தடுத்து லூப் முழுசா இறுகாது, மாடோ பெரிய மானோ முழு பலத்துல இழுத்தா ஹூக் திறந்து விட்டுடும். எங்க கிரேட் பைரனீஸ் காவல் நாய் ராத்திரி முழுக்க ஆட்டோட சுத்துறவ, அதனால ஸ்னேர் போட்டிருக்கிற பேடக்ல (வேலி போட்ட மேய்ச்சல் துண்டு) ஆடும் கிடையாது, அவளும் கிடையாது. பக்கத்து நிலத்துக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், அவரோட நாயை அந்தப் பக்கம் விட மாட்டார். தினமும் விடிஞ்சதும் முதல் வேலை ஸ்னேர் பார்க்கிறதுதான், காபியே அப்புறம்தான். மாட்டினது வெயில்ல கிடந்து தவிக்கக் கூடாது. .22 துப்பாக்கியில ஒரே குண்டு, முடிஞ்சது. கையுறை இல்லாம தொடாதீங்க, டெக்சாஸ் தெக்குப் பக்கம் கொயோட்டிக்கு ரேபீஸ் பரவி 1995ல இருந்து விமானத்துல தடுப்பு மருந்து உருண்டை போட்டு அடக்கினாங்க.

கிழக்கு வேலியில இன்னும் ரெண்டு ஓட்டை மண்ணு தூவி வச்சிருக்கேன், அது முடியறதுக்குள்ளயே மனசு கேலிச்சி (சுண்ணாம்பு மண்) ரோட்டுக்குப் போயிடுச்சு. கேட்டுல இருந்து கிணறு வரைக்கும் போற வண்டித்தடம், ராத்திரி கொயோட்டி நடக்கிறது முழுக்க அதுலதான், நட்டநடுவுல எச்சம் போட்டு வச்சிருக்கு, மெஸ்கீட் (ஒரு முள்மரம்) கொட்டையும் முடியுமா. ஆனா மானும் அதே வழி. அதனால லூப்புக்கு மேல குறுக்கா ஒரு சீடர் கழி கட்டணும், மான் அதைத் தாண்டிக் குதிச்சுடும், கொயோட்டி கீழ குனிஞ்சு போகும். அங்க 1x19 கேபிள் (ஒரே புரியில பத்தொன்பது இழை) போட்டுப் பார்க்கப் போறேன், விறைப்பு ஜாஸ்தி, வளைப்பு நல்லா நிக்கும்னு சொல்றாங்க. பிரச்சினை ஆங்கர்தான் (கேபிளைக் கட்டி நிறுத்துற பிடிமானம்), அரை அடி தோண்டினாலே பாறை, ரீபார் (கட்டடக் கம்பி) முளை இறங்க மாட்டேங்குது. பாறையில டிரில் போட்டு அடிச்சவங்க யாராவது இருந்தா எவ்வளவு ஆழம் போனீங்க, எந்த சைஸ் பிட்னு சொல்லுங்க.