லுக்ஸ் எத்தெர்னா: ஒத்திகை நாட்கள்

மார்ச் 4
எங்கள் பாடகர் குழு பாடப்போகும் ‘லுக்ஸ் எத்தெர்னா’ (முடிவில்லா ஒளி) இசைத்தாள்கள் கைக்கு வந்தன. அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் லாரிட்ஸனின் லத்தீன் பாட்டு. ஐந்து பகுதிகள், ஏறக்குறைய அரை மணி நேரம். எனக்கு இரண்டாம் ஆல்டோ, பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வரிசை. அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்து பொடியாக இருக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

மார்ச் 7
இன்று முழுக்க லத்தீன் உச்சரிப்புதான். ‘லூச்செயாத்’ என்று வர வேண்டும், ‘லூக்கெயாத்’ இல்லை. ‘லுக்ஸ்’ என்ற சொல்லின் கடைசி ‘ஸ்’ எல்லாருக்கும் ஒன்றாக முடிய வேண்டும். ஒருவர் பிந்தினாலும் சீறல் போலக் கேட்கிறது.

மார்ச் 8
அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல்.

மார்ச் 11
பாட்டின் பொருளை வரிவரியாக எழுதிப் பார்த்தேன். இறந்தோர் திருப்பலியில் தொடங்கி அதிலேயே முடிகிறது. நடுவில் ‘தே தேயும்’ என்ற பழைய புகழ்ப்பாட்டின் வரிகள், ‘ஒளியில் பிறந்த ஒளியே’ என்று தொடங்கும் ‘ஓ நாத்தா லுக்ஸ்’, தூய ஆவியை அழைக்கும் பாட்டு. எங்கெங்கிருந்தோ எடுத்தவை, ஆனால் எல்லாவற்றிலும் ஒளி. ‘லுக்ஸ் பெர்பெத்துவா லூச்செயாத் எயிஸ்’ வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. ‘முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிரக்கடவது.’ அப்பா போனதிலிருந்து அம்மா தினமும் ராத்திரி சொல்வது இதுதானே! ஒரு வாரமாக அதையே பாடியிருக்கிறேன், எனக்கு உறைக்கவேயில்லை.

‘எயிஸ்’ என்றால் அவர்களுக்கு. பன்மை.

மார்ச் 14
அம்மாவின் டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 16
லாரிட்ஸன் இதை எழுதிய காலத்தில் அவருடைய தாயார் மரணப் படுக்கையில் இருந்தாராம். 1997-இல் ‘லாஸ் ஏஞ்சலிஸ் மாஸ்டர் கொராலே’ என்ற பாடகர் குழு முதன்முதலாகப் பாடியது. எங்கள் பாட்டு மாஸ்டர் இதைச் சொன்னபோது நான் தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

மார்ச் 19
‘ஓ நாத்தா லுக்ஸ்’ எனக்குப் பயம். வாத்தியமே கிடையாது, வெறும் குரல்கள். சுருதி மெல்ல இறங்கினால் நமக்கே தெரியாது. அடுத்த பகுதியில் வாத்தியங்கள் சேரும்போதுதான் குட்டு வெளிப்படும். இன்று இறங்கியது, அதுவும் எங்கள் வரிசையில்தான். நீண்ட ஸ்வரத்தில் எனக்கு மூச்சு போதவில்லை. பக்கத்தில் நிற்கிற பெண் மெதுவாகச் சொன்னாள்: “நீங்க மூச்சு எடுங்கக்கா, நான் விடாம பிடிச்சுக்கறேன். நான் எடுக்கும்போது நீங்க பிடிங்க.” இரண்டு பேர் தாளிலும் வேறுவேறு இடத்தில் குறித்துக்கொண்டோம். அப்புறம் அறுபடவேயில்லை.

வீட்டில் அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடத்துக்கு 26.

மார்ச் 20
24.

மார்ச் 22
“பாடிக் காட்டேன்” என்றாள் அம்மா. என் பங்கை மட்டும் பாடினேன். “என்னடி, ஒரே இடத்துல நிக்குது? மத்தவங்க எங்க?” என்றாள். மற்ற குரல்கள் சேர்ந்தால்தான் பாட்டு, நான் நடுவில் இருக்கிறேன் என்றேன். சரி, இன்னொரு தடவை பாடு என்றாள். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, தமிழில் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 23
28. ஒத்திகைக்குப் போகவில்லை.

மார்ச் 24
பக்கத்துப் பெண் ஃபோன் செய்தாள். என் குறிகளையும் தன் தாளில் எழுதிக்கொண்டாளாம். நாளை ஆறு மணிக்கு